கருவி உண்டு, செய்தவன் எங்கே?

குண்டனி நாட்டிலே ஒரு மரத்தடிக் கோயில். கோபுரம் இல்லை, கொடிமரம் இல்லை, குருக்களும் இல்லை. வரிசையாகச் சில கற்கள் மட்டும் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒரு முனை கூர்மை, மறுமுனை பருமன், உடலெங்கும் வழவழப்பு. எண்ணெய் பூசியிருக்கிறார்கள், குங்குமம் இட்டிருக்கிறார்கள். "இது என்ன?" என்று உடன் வந்த என் மாணவனைக் கேட்டேன். "சாமிங்க, சார்" என்றான், சற்றும் தயங்காமல்.

சாமி அல்ல அது. கோடரி! உலோகம் காணாத காலத்தில், மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர், புதிய கற்கால மனிதன் கல்லோடு கல் தேய்த்து, நாள் கணக்கில் தீட்டி, காடு திருத்துவதற்கென்று செய்துகொண்ட கைக்கருவி. உழவர் ஏர் ஓட்டும்போது மண்ணிலிருந்து கிடைத்தது, இன்னதென்று விளங்கவில்லை, விளங்காததைக் கும்பிடுவது வழக்கமாதலால் கோயிலில் வைத்தார்கள். கொல்லிமலையில் மட்டுமா? சேர்வராயன் மலையிலும் சவ்வாது மலையிலும் இதே கதைதான்.

மலைவாழ் மக்களின் அறியாமை என்று இதைக் கண்டு நகைத்திட வேண்டாம், தோழர்களே! நகரத்தார் என்ன செய்கிறார்கள்? ஆண்டுக்கொரு நாள் எந்திரத்துக்குச் சந்தனம் தடவி, பூச்சூட்டி, பொரி படைக்கிறார்கள். அந்த எந்திரத்தை ஆக்கியவன் யார், அதற்கு முன்பிருந்த எந்திரம் ஏன் கைவிடப்பட்டது என்று கேட்பார் எத்தனை பேர்? மலையிலே கல்லுக்குப் பொட்டு. மாநகரிலே இரும்புக்குப் பொட்டு. கருவிக்குக் கும்பிடு உண்டு. கருவி செய்தவனுக்கு நினைவு இல்லை.

இந்த மலை வல்வில் ஓரியின் மலை. அவனது வில்லாற்றலை வன்பரணர் பாடினார். செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆடித் திங்களில் அரசு விழாவும் உண்டு. போற்றத் தக்கவனே, மறுப்பதற்கில்லை. ஆனால் என் வகுப்பிலே ஒரு சிறுமி கேட்டாள்: "அந்த வில்லைச் செய்து தந்தவங்க யாருங்க, சார்?" பட்டமும் படித்துவிட்டு, பாடப் புத்தகமும் கையில் வைத்திருந்த என்னிடம் விடை இல்லை. அந்தக் கேள்விதான் என்னை மலையிலிருந்து இறக்கிக் கடற்கரைக்குக் கொண்டுபோயிற்று.

மரமும் மடமையும்

கடலுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். கடலோரம் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். என் மாணவரிற் பலர் அலையைக் கண்டதில்லை. ஆயினும் அவர்கள் நாள்தோறும் காணும் மலைவேம்பு கடலறிந்த மரம். எடை குறைந்த மரமே மிதக்கும், மிதப்பதே கட்டுமரமாகும். மலைவேம்பு போன்ற இலேசான மரங்களைத்தான் கட்டுமரத்துக்குத் தேர்ந்தார்கள். மலை வளர்த்த மரம், கடலில் பசி தீர்த்தது.

அந்தக் கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். ஆணி இல்லை, அடிப்பலகை இல்லை, செதுக்கிய கட்டைகளைக் கயிற்றால் பிணைத்ததே கலம். மேலிருந்து அலை அடித்தால் நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். மூழ்குவதற்கு உட்குழி இல்லை. கரை சேர்ந்ததும் கட்டை வேறு கயிறு வேறாகப் பிரித்து வெயிலில் உலர்த்தலாம். துறைமுகம் இல்லாத, அலை மோதும் சோழமண்டலக் கரைக்கு இதைவிடத் தக்க கலம் ஏது? ஆங்கிலேயன் இந்தப் பெயரையே தன் மொழிக்கு எடுத்துக்கொண்டான். இன்று உலகெங்கும் இரட்டை உடல் கொண்ட படகுக்கு அதுவே பெயர். பெயர் உலகைச் சுற்றி வந்தது. முதற்கட்டை செதுக்கியவன் பெயர் ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை.

நம்மவர் எழுதி வைக்கவே இல்லையா? வைத்தார்கள். 1950 ஆம் ஆண்டு, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் ஓலையிலிருந்து 'கப்பல் சாத்திரம்' என்னும் நூலை அச்சேற்றியது. மரக்கல வேலைக்கென்று நம் மொழியில் ஒரு நூல் என்றதும் நெஞ்சு நிமிர்கிறது. புரட்டிப் பார்த்தாலோ, அளவுகளோடு நாளும் கோளும், மரத்தில் தோன்றும் குறிகளால் வரும் நன்மை தீமைகளும் பெருகிக் கிடக்கின்றன. எந்தக் கணு எந்த இடத்தில் வந்தால் உடையவனுக்கு என்ன நேரும் என்று ஆராய்ந்த அறிவு, அதைச் செதுக்கிய தச்சன் எவ்வாறு கற்றான், என்ன கூலி பெற்றான், எங்கே தவறினான், எப்படித் திருத்தினான் என்று எழுதிவைக்கவில்லை. சோதிடம் ஓலையேறியது, தொழில் வாய்மொழியோடு நின்றது.

அக்குறையைப் பெருமளவு போக்கியவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராகப் பணியாற்றியவர். கரை கரையாகச் சென்று, கட்டுமரம், வள்ளம், வத்தை, கயிற்றால் தைத்த மசூலாப் படகு என ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, 1920 இல் இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி நூலாக்கினார். அவர் அலுவலர், அரசாங்கத்தின் தேவைக்காக எழுதினார். எனினும் அவர் அளந்ததால்தான் இன்று நாம் அறிகிறோம். நம் படகின் அகல நீளம் அறிய அயலார் ஏட்டைத் தேடும் நிலை நமக்குப் பெருமையா? ஹார்னெலுக்கு நன்றி கூறுவோம்; நம்மை நாமே சற்றுக் கடிந்தும் கொள்வோம்.

நீண்டகரை சொல்லும் பாடம்

கோடை விடுமுறையில் குமரி மாவட்டத்துக் கல்லூரித் தோழன் ஒருவனோடு கொல்லத்துக்கு வடக்கே உள்ள நீண்டகரைக்குச் சென்றேன். அட்டமுடிக் காயல் கடலோடு கலக்கும் இடம். பாலத்தின் மேல் நின்று பார்த்தால், வடகரையில் நீண்டகரை, தென்கரையில் சக்திகுளங்கரை. இருபுறமும் விசைப்படகுகள் நெருங்கி நிற்கின்றன. இந்தியாவின் மீன்பிடித் தொழிலையே மாற்றிய படகுப் பட்டறை ஒன்று ஒரு காலத்தில் இந்தக் கரையில்தான் உளியோசை எழுப்பியது.

1952 ஆம் ஆண்டு அக்டோபர் 17 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை, நார்வே அரசு, இந்திய அரசு ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இரண்டாம் உலகப் போரில் தானே நொந்து எழுந்த சிறுநாடு நார்வே. அயல்நாட்டு வளர்ச்சிக்கென்று அந்நாடு மேற்கொண்ட முதற்பெரும் பணி இது. அடுத்த ஆண்டு, 1953 இல், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரை, புத்தன்துறை ஆகிய ஊர்களில் வேலை தொடங்கியது. நினைவிற் கொள்க: இன்றைய குமரி மாவட்டத்துத் தமிழ்க் கடற்கரையும் அப்போது அதே மாநிலத்தில்தான் இருந்தது, 1956 நவம்பர் 1 ஆம் நாள்தான் அது தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே இது அயலான் வீட்டுக் கதை அன்று. நம் முற்றத்துக் கதையே.

நார்வேக்காரர் முதலில் என்ன செய்தனர்? ஊரில் இருந்த வள்ளங்களிலேயே எஞ்சினைப் பொருத்திப் பார்த்தனர். பயனில்லை. மரத்தைக் குடைந்து செய்த வள்ளம் துடுப்புக்கும் பாய்க்கும் பிறந்தது. எஞ்சினின் அதிர்ச்சிக்குப் பிறந்ததன்று. பிறகே புதிய வடிவம் வேண்டும் என்று உணர்ந்து, கரையிலே பட்டறை அமைத்து, 22 அடி, 25 அடி நீளத்தில் பலகைப் படகுகளைக் கட்டத் தொடங்கினர். ஏரா நீட்டி, வங்கு நிறுத்தி, பலகை அறைந்து, எஞ்சின் ஏற்றி, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்கினர். அத்தோடு பனிக்கட்டி ஆலை, மீன் உறைய வைக்கும் நிலையம், குடிநீர்க் குழாய், நலவாழ்வு நிலையம் ஆகியவையும் வந்தன.

இந்த முதற்தோல்வியை ஊன்றிக் கவனியுங்கள். கடல் கடந்து வந்த வல்லுநரும் தவறினார். தவறு கண்டு திருத்தினார். அறிவியல் என்பது இதுவே. வானத்திலிருந்து எந்த வடிவமும் இறங்கி வருவதில்லை. செய்து, பிழைத்து, மறுபடி செய்து பெறுவதே வடிவம். பட்டறையின் வரலாற்றைக் காக்க வேண்டும் என்று நான் கூறுவதற்கு முதற்காரணம் இதுதான். வெற்றிபெற்ற படகைக் கரையில் காணலாம். தோற்ற படகு விறகாகிவிடும். அது ஏன் தோற்றது என்ற அறிவையும் விறகோடு எரித்துவிட்டால், பேரன் மீண்டும் அதே பிழையைப் புதிதாகச் செய்வான்.

படகு யாருக்குப் போயிற்று?

இனி இரண்டாவது காரணத்துக்கு வருவோம். முதன்மையான காரணமும் இதுவே.

படகுகள் மானிய விலையில், தவணைக் கடனில், மீனவர் குழுக்களுக்குத் தரப்பட்டன. நல்ல எண்ணந்தான். ஆனால் அதே 1953 ஆம் ஆண்டில் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் முதன்முறையாக அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. கவனிப்பாரற்றுக் கிடந்த இறாலுக்கு டாலர் விலை வந்தது! மக்களுக்கு மலிவாக மீன் தரப் பிறந்த விசைப்படகு, அறுபதுகளில் இழுவலை கட்டிக்கொண்டு இறாலைத் துரத்தலாயிற்று. கடன் தீர்க்க இயலாத குழுக்கள் கலைந்தன. வணிகரின் கை ஓங்கியது. கடலில் காலே நனைக்காதவரும் படகு முதலாளி ஆயினர். கடலோரப் பெண்கள் இறால் உரிக்கும் கொட்டகைகளில் குனிந்த தலை நிமிராமல் கூலிக்கு உழைத்தனர்.

இன்னொன்றும் நிகழ்ந்தது. ஒரே கடல், ஒரே உதவி, ஒரே பட்டறை. எனினும் சக்திகுளங்கரை கத்தோலிக்க மீனவர் புதிய படகை விரைந்து பற்றிக்கொண்டனர். எதிர்க்கரை அரயர் பின்தங்கினர். நார்வே நாட்டு மானிடவியல் அறிஞர் ஆர்னே மார்ட்டின் கிளவுசன் இதனை ஆராய்ந்து 1968 இல் நூலாக எழுதினார். பிறவியிலோ தலையெழுத்திலோ அவர் காரணத்தைத் தேடவில்லை. சமூக அமைப்பிலும் தொழிற் பழக்கத்திலும் தேடினார். பின்னர் 1985 இல் நம் நாட்டு ஆய்வாளர் ஜான் குரியன் இத்திட்டத்தின் விளைவுகளை எடையிட்டு எழுதினார். இவ்விருவர் எழுதியதால் அல்லவா இன்று இவ்வளவேனும் பேச முடிகிறது!

இந்தப் பாடம் உரிய காலத்தில் எல்லாக் கரைக்கும் எட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதற்படகு எந்தக் குழுவுக்குச் சென்றது, எத்தனை ஆண்டில் கைமாறியது, யாரிடம் சேர்ந்தது என்று பட்டறையின் ஏட்டையும் கடன் கணக்கையும் ஒப்பிட்டால், ஒரு பள்ளி மாணவன்கூட வரப்போவதைக் கூறிவிடுவான். ஆனால் விசைப்படகு கரை கரையாகப் பரவிற்று. அறுபதுகளில் அதே திட்டம் நம் மண்டபத்துக்கும் வந்தது. ஏடு மட்டும் பரவவில்லை. விளைவு? எழுபதுகளின் பிற்பகுதியில் சென்னைக் கரையில் கட்டுமரத்தாரும் விசைப்படகினரும் மோதினர். வலை அறுந்தது, படகு எரிந்தது. ஏழையை ஏழை அடித்துக்கொண்டான். அதன் பின்பே 1980 இல் கேரளத்திலும் 1983 இல் தமிழ்நாட்டிலும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்கள் வந்தன. 1988 முதல் கேரளம் மழைக்காலத்தில் இழுவலைக்குத் தடை விதித்தது. முதல் ஒப்பந்தத்துக்கும் முதல் சட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! வரலாற்றைப் படியாததற்கு நாம் கட்டிய வட்டி அது.

1972 இல் நார்வேக்காரர் விடைபெற்றனர். திட்டத்தின் தலைமை நிலையம் முன்னரே கொச்சிக்கு மாறியிருந்தது. நடுவண் அரசு அதனை ஏற்று வேறு பெயரில் நடத்தியது. நீண்டகரையில் நான் சந்தித்த இளைஞர்கள் "நார்வேக்காரர்" என்ற சொல்லை அறிந்திருந்தார்கள். பட்டறையில் பலகை அறுத்தவர் யார், வங்கு வளைத்தவர் யார், எஞ்சின் பொருத்தக் கற்றவர் யார் என்று கேட்டேன். நான் கேட்டவர்களில் ஒருவருக்கும் ஒரு பெயரும் தெரியவில்லை. ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டோர் பெயர் அரசுகளின் ஆவணச் சாலைகளில் உறங்குகிறது. உளி பிடித்தோர் பெயர் எங்கே உறங்குகிறது?

காரைநகரின் கண்ணீர்

நார்வேயையும் நம்மையும் இணைக்கும் இன்னொரு பட்டறை உண்டு. கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்துக் காரைநகரில். 1967 இல் ஆர்னே பியோர்டாப்ட் என்ற நார்வே இளைஞரின் முயற்சியால் தோன்றியது 'சீநோர்' நிறுவனம். இலங்கையின் பழம்பெயரையும் நார்வேயின் பெயரையும் சேர்த்து ஆக்கிய பெயர். காரைநகரில் படகு கட்டும் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை என்று வளர்ந்து, தமிழ் உழைப்பாளர் பலருக்கு வாழ்வளித்தது. பின்னர் போர் வந்தது. படகுத் தளம் ஓய்ந்தது; வலைத் தொழிற்சாலையும் அழிந்தது. நிறுவனத்தின் பெயர் கொழும்பில் அரசு அமைப்பாகத் தொடர்ந்தது. உளியும் அச்சும் ஒலித்த கரை மௌனமாயிற்று.

தொழிலாளர் சிதறினர், சிலர் மாண்டிருப்பர், சிலர் கடல் கடந்திருப்பர். அந்த மண்ணில்தான் 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானது; ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. நூலகம் எரிந்ததை உலகம் அறிந்து கலங்கியது, கலங்க வேண்டியதே. ஆனால் ஒரு தொழிற்சாலை ஓயும்போதும் ஒரு நூலகம் எரிகிறது. புகை மட்டும் தெரிவதில்லை. இரண்டு கரைத் தமிழரும் இதனை உணர்ந்தாக வேண்டும். அங்கே போர் அழித்தது. இங்கே போர் இல்லை, அலட்சியம் அழிக்கிறது.

மிகைப்படுத்திக் கூறுகிறேனா? என் காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தது. கட்டுமரங்கள் சிதைந்தன. துயர் துடைக்க வந்தோர் கண்ணாடி இழைப் படகுகளை வழங்கினர்; கரையெங்கும் இழைப்படகுப் பட்டறைகள் காளான் போல் முளைத்தன. தேவை தீர்ந்ததும் பல மூடப்பட்டன. அவற்றில் கட்டிய படகுகளில் நல்லவை எவை, தரமற்றவை எவை? கட்டுமரத் தச்சன் அப்போது என்ன ஆனான்? உளி பிடித்த கை இழைப்பசையைத் தடவக் கற்றதா, கூலி வேலைக்குப் போயிற்றா? இருபது ஆண்டுகளே கடந்துள்ளன. விடை கூறக்கூடியவர் பலர் உயிரோடு இருக்கின்றனர். கேட்பவர்தான் இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

"பசித்தவனுக்குச் சோறில்லை; பழைய பட்டறைக்கு வரலாறு ஒரு கேடா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. விடை கூறுவேன். சோற்றுக்கு வழி காட்டுவதே இந்த வரலாறு. எந்தப் படகு எந்தக் கரைக்குப் பொருந்தும், எந்தக் கடன் மீனவனை மீட்கும், எந்தக் கடன் அவனை விழுங்கும் என்பதெல்லாம் அந்த மக்கிய ஏடுகளில்தான் இருக்கின்றன. உழைப்பவனின் வரலாற்றை உழைப்பவன் அறியாதிருப்பதில் ஆதாயம் காண்பவன் யார் என்று எண்ணிப் பாருங்கள். மற்றவை தாமே விளங்கும்.

வேறு சிலர், "ஒரு பழைய படகைக் கண்ணாடிக் கூண்டில் வைத்தால் போதாதா?" என்பர். போதாது! அது குங்குமம் வைத்த கற்கோடரிக்கு இன்னொரு வடிவம். கோயிலில் வைத்தால் கும்பிடுவான். கூண்டில் வைத்தால் வேடிக்கை பார்ப்பான். இரண்டிலும் செய்தவன் இல்லை. படகோடு அதன் வரைபடம் வேண்டும்; வரைபடத்தோடு தோற்ற வடிவங்களின் கதை வேண்டும்; மரம் வாங்கிய கணக்கு, கூலிப் பதிவேடு, படகு பெற்றவர் பட்டியல், கைமாறிய விவரம் ஆகிய அனைத்தும் வேண்டும். ஏரா, வங்கு, அணியம், சுக்கான் என்று பட்டறையில் வழங்கிய சொற்கள் வேண்டும்; அச்சொற்கள் ஆய்ந்த புலவர் அகராதியில் மட்டுமன்றி ஆண்டு பழகிய தச்சர் நாவிலும் வாழ்பவை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கைகளுக்குரியவர்களின் பெயர் வேண்டும்.

இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை. கடலோர ஊர் ஒவ்வொன்றிலும் படித்த இளைஞர் இருக்கின்றனர், படிப்பகங்கள் இருக்கின்றன, கையில் ஒலிப்பதிவு செய்யும் கருவியும் இருக்கிறது. ஞாயிறு ஒன்றை ஒதுக்குங்கள். ஓய்ந்த பட்டறையின் முதியவர் ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். புகழ்மாலை சூட்ட வேண்டாம், கேள்வி கேளுங்கள். முதல் கூலி எவ்வளவு? யாரிடம் தொழில் கற்றீர்? இன்னார்க்குத்தான் கற்றுத் தருவோம் என்று எவரேனும் கதவடைத்தனரா? எந்தப் படகு கவிழ்ந்தது? ஏன்? பெண்களுக்குப் பட்டறையில் என்ன வேலை, என்ன கூலி? அவர் கூறுவதை அப்படியே எழுதுங்கள். பொருத்தமில்லாததையும் எழுதுங்கள், ஒருவர் கூற்றை மற்றவர் கூற்றோடு ஒப்பிடுங்கள். வீட்டுப் பரணில் கிடக்கும் ஒளிப்படத்தைப் படி எடுத்து, மூலத்தை உடையவரிடமே திருப்பித் தாருங்கள். மூடிய பட்டறையின் கணக்கேடுகள் பழைய காகிதக் கடைக்குப் போகுமுன் தடுத்து நிறுத்துங்கள். தொகுத்ததை ஒரு படி ஊர் நூலகத்திலும், ஒரு படி வேற்றூர் நூலகத்திலும் வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று யாழ்ப்பாணம் நமக்குக் கற்பித்திருக்கிறது.

நான் மலைக்குத் திரும்பினேன். பள்ளி திறந்ததும் மாணவரை அந்த மரத்தடிக்கு அழைத்துச் சென்றேன். கல்லை அப்புறப்படுத்தச் சொல்லவில்லை; யாருடைய நம்பிக்கையையும் காலால் உதைப்பது என் நோக்கமன்று. உருவத்தை மட்டும் நோட்டில் வரையச் சொன்னேன். பிடி எங்கே கட்டியிருப்பார்கள், தீட்ட எத்தனை நாள் ஆகியிருக்கும், கூர் ஏன் ஒருபுறம் தேய்ந்திருக்கிறது என்று கேட்டேன். ஒரு மணி நேரம் வாதிட்டார்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவன் பயன்படுத்தியிருப்பான் என்று ஒருவன் சொன்னான்; தீட்டுவதற்குத் தண்ணீர் வேண்டும், ஆகவே ஓடைக்கரையில்தான் செய்திருப்பார்கள் என்று வில்லைப் பற்றிக் கேட்ட அதே சிறுமி சொன்னாள். முதன்முறையாக அந்தக் கல்லுக்குப் பின்னால் அவர்கள் ஒரு மனிதனைக் கண்டார்கள்.

கற்கோடரி செய்தவன் பெயரை இனி எந்த ஆராய்ச்சியும் மீட்டுத் தராது. மூவாயிரம் ஆண்டு கடந்துவிட்டது. படகு செய்தவன் பெயர் அப்படியன்று. நீண்டகரையிலும் மண்டபத்திலும் காரைநகரிலும் அதை அறிந்த முதியவர் சிலர் இன்னும் திண்ணையில் அமர்ந்திருக்கக்கூடும். அவர்கள் எழுந்து போவதற்குள் நாம் சென்றாக வேண்டும். ஏடும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு புறப்படுக, தோழர்களே!